சிவப்பு நோசலைப் பூட்டி வையுங்கள்



மலாக்கா மாநிலத் தோட்டப் பட்டறைகளில் டிராக்டரும் குலை லோரியும் கழுவுகிறவர்களுக்காகவும், தோட்டத்தை விட்டு வெளியேறி ஜாசின், அலோர் காஜா, மலாக்கா டவுன் கார் கழுவும் கடைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்காகவும் இம்முறை எழுதுகிறேன். மருந்து தெளிக்க முகமூடி கேட்டு வாதாடுகிற நாம், கழுவுகிற வேலையை மட்டும் "தண்ணிதானே, என்னா செஞ்சிரும்?" என்று விட்டுவிடுகிறோம்.

கார் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 பவுண்டு. கழுவும் யந்திரத்தில் வருவது 1,500, 2,000 பவுண்டு. பெரிய யந்திரமானால் அதற்கும் மேல். மனிதத் தோலைத் துளைக்க 100 பவுண்டே போதும் என்கிறது மருத்துவம். 1896-இல் தான் சாய் யான் நம் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட காலத்தில் வண்டி கழுவ வாளியும் வைக்கோலும் போதுமாயிருந்திருக்கும். இன்று செம்பனைச் சேறு அப்பிய லோரிக்கு யந்திரம் வேண்டும்தான். சண்டை யந்திரத்தோடு இல்லை, அதன் நுனியில் மாட்டுகிற நோசலோடு.

பெரும்பாலான யந்திரங்களோடு ஐந்து நிற நோசல்கள் வருகின்றன. சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு 65. கறுப்பு சவர்க்காரம் அடிக்க. அதில் அழுத்தம் குறைவு. கார் சாயத்துக்கு வெள்ளை. லோரி, டிராக்டர் சேற்றுக்குப் பச்சை. சிவப்பில் மட்டும் தண்ணீர் விசிறிபோல் விரியாமல் ஊசிபோல் ஒரே கோடாகப் பாய்கிறது. தள்ளி நின்றாலும் அதன் வேகம் எளிதில் குறைவதில்லை. வண்டி கழுவ அது தேவையே இல்லை என்பது என் கருத்து. ஆனால் பட்டறையில் நடப்பது என்ன? "செவப்ப மாட்டுடா, சட்டுனு போயிரும்" என்று மண்டோர் அவசரப்படுத்துகிறார். முதலில் சேற்றை நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் பச்சையிலேயே போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க மனமில்லாததால்தான் தொழிலாளி சிவப்பை எடுக்கிறான். அடிபட்டதும் "கவனக்குறைவு" என்று அவன் தலையில் கட்டுவது நியாயமா?

அடிபடுவது எப்படி என்று கேளுங்கள். துப்பாக்கியின் முன்னால் ஒரு கணம் விரல் போய்விடுகிறது. அல்லது வேலை முடிந்து சிலிப்பர் காலில் ஒட்டிய சேற்றை அதே தண்ணீரால் அடித்துக் கழுவுகிறோம். (இந்தப் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, இல்லையென்று சொல்லாதீர்கள்.) குண்டூசி குத்தியதுபோல் ஒரு சின்னத் துளை. ரத்தம்கூட அதிகம் வராது, வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே தண்ணீரும் கிரீசும் அழுக்கும் தசை நார் வழியே பரவியிருக்கும். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, ரத்த ஓட்டம் நின்று, விரலையே எடுக்க நேரலாம். மஞ்சள் தடவிக் கட்டிக்கொண்டு காலை வரை காத்திருக்க வேண்டாம். பிழிந்துவிடவும் வேண்டாம். கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறுவை செய்ய நேரலாம். அங்கே "சின்ன காயம்" என்று சொல்லாதீர்கள். "கெனா வாட்டர் ஜெட், தெக்கானான் திங்கி" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் அது வெறும் குத்துக்காயம் இல்லையென்று டாக்டருக்குத் தெரியும்.

நோசல் மாற்றும்போது யந்திரத்தை நிறுத்தி, விசையை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே கழற்றுங்கள். சரியாகப் பூட்டாத நோசல் தோட்டாவாகப் பறக்கும். டயருக்கு ஒரு அடிக்குக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் வெட்டிய டயர் பிறகு ஓட்டத்தில் வெடிக்கலாம். நோசலில் அழுத்திய எண்ணையும் பாருங்கள்: யந்திரத்துக்குரிய எண்ணைவிடச் சிறிய துளை போட்டால் அழுத்தம் ஏறும், தேய்ந்துபோனது என்றால் அழுத்தம் இறங்கும், உடனே யாராவது சிவப்பைத் தேடுவார்கள். புது நோசல் வாங்கும் செலவு ஒரு விரலின் விலைக்கு முன் எம்மாத்திரம்?

சக்கரத்துச் சேற்றில் எலி மூத்திரமும் இருக்கும். தெறிக்கும் சாரல் கண்ணிலும் கீறலிலும் பட்டால் எலிக் காய்ச்சல் வரலாம். கண்ணாடி, கையுறை, ரப்பர் சப்பாத்து வேண்டும். கழுவிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், என்ன வேலை செய்தோம் என்பதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

இவற்றைக் கொடுப்பது நிர்வாகத்தின் தயவு அல்ல. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான கருவியும் பயிற்சியும் கொடுக்கும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. விபத்தென்றால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு முதலாளி அறிவிக்க வேண்டும். "ரெண்டு நாள் எம்.சி. போதும், ரிப்போர்ட் வேணாம்" என்று கிராணி சொன்னால் சம்மதிக்காதீர்கள். பக்கத்தில் கழுவுகிற வங்காளதேசத்து, இந்தோனேசியத் தோழருக்கும் 2019 முதல் சொக்சோ உண்டு. அவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரே ஒரு கோரிக்கை எழுதிக் கொடுங்கள்: சிவப்பு நோசலைப் பட்டறைப் பெட்டியிலிருந்து எடுத்து ஸ்டோரில் பூட்டி வைத்து, கையெழுத்துப் போட்டுத்தான் யாரும் வாங்க வேண்டும். மண்டோரானாலும் சரி.