மூக்குக்கு ஒரு விமான டிக்கெட்



அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பார்கள். இந்த முறை நுழைத்தே ஆக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் விஷயமே மூக்குதான்!

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். ‘ஃப்ரெண்ட்ஸோட துருக்கி டூர் போறேம்மா’ என்று சொல்லிவிட்டுப் போனவள், அதன்பிறகு வீடியோ காலில் கேமராவை ஆன் செய்யவே இல்லையாம். ஹோட்டல் வைஃபை சரியில்லை, சார்ஜ் இல்லை என்று தினம் ஒரு காரணம். ஒருநாள் கை தவறி கேமரா ஆன் ஆகிவிட்டது. மூக்கின் மேல் வெள்ளைக் கட்டு. இரண்டு கண்ணைச் சுற்றியும் கத்திரிப்பூ நிறத்தில் வீக்கம். ‘யாரோ புள்ளைய அடிச்சுப் போட்டுட்டாங்கன்னு அலறிட்டேன்’ என்று எழுதியிருக்கிறார் அந்த அம்மா.

அடிக்கவெல்லாம் இல்லை. மகள் காசு கொடுத்து, இஸ்தான்புல்லில் மூக்கை அழகுபடுத்தும் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறாள்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. மூக்கு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறதாம். ஆனால் ராத்திரி படுத்தால் ஒரு பக்கம் மூச்சு சரியாகப் போவதில்லை. கிளினிக்குக்கு வாட்ஸ்அப் செய்தால், ‘வீக்கம் சகஜம்தான் டியர், பொறுமையாக இருங்கள்’ என்று ஒரு இதயப் படத்தோடு பதில் வருகிறது. பதில் போடுவது டாக்டர் இல்லை, ஒருங்கிணைப்பாளராம். ஆபரேஷன் செய்த டாக்டரை அந்தப் பெண் பார்த்ததே மொத்தம் இரண்டு முறைதான்.

‘இவ செஞ்சது தப்பா?’ என்று கேட்கிறார் அம்மா.

ஆசைப்பட்டது தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பல்லுக்குக் கம்பி கட்டுகிறோம், நரைக்கு டை அடிக்கிறோம், முடி நடுகிறோம். அதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு மூக்குக்கு மட்டும் ‘கடவுள் கொடுத்தது’ என்று உபதேசம் செய்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தப் பெண் எதற்காக அவ்வளவு தூரம், அதுவும் யாருக்கும் தெரியாமல் போனாள்? எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

பணம் ஒரு காரணம். பிரிட்டனில் அழகுக்காகச் செய்யும் மூக்கு ஆபரேஷனுக்கு அரசு மருத்துவத்தில் இடம் கிடையாது. தனியாரிடம் போனால் பொதுவாக 4,000 பவுண்டிலிருந்து 7,000 பவுண்டு வரை ஆகும். துருக்கியின் லிரா சரிந்து கிடப்பதால், இஸ்தான்புல்லில் அதைவிட எவ்வளவோ குறைவான தொகைக்கு ஆபரேஷன், ஹோட்டல், ஏர்போர்ட்டிலிருந்து கார், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் ஒரே பேக்கேஜாகக் கிடைக்கிறது. அந்த ஊர் விமான நிலையத்தில் முடி நட்டுத் தலையில் பட்டையோடு நிற்கும் ஆண்களையும், மூக்கில் கட்டோடு நிற்கும் பெண்களையும் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பக்கத்து ஈரானின் தெஹ்ரானில் மூக்குக் கட்டோடு கடைத்தெருவுக்குப் போவது கௌரவமாகவே ஆகிவிட்டது. தென்கொரியத் தலைநகர் சியோலில் கங்னம் பகுதிக்குப் போனால் தெரு நெடுக பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்குகள்தான். கே-டிராமா பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தெருப் பெயர்கள் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது. செல்போன்.

2018-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். முகத்திலிருந்து 12 அங்குலத் தூரத்தில் செல்ஃபி எடுத்தால், 5 அடி தள்ளி நின்று எடுத்த படத்தைவிட மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவிகிதம் கூடுதலாகத் தெரிகிறது. கேமராவுக்குக் கிட்டத்தில் இருப்பது மூக்கு, காது தள்ளி இருக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். இல்லாத பெரிய மூக்கைத் தினமும் நாற்பது தடவை பார்த்துப் பார்த்து ஒரு பெண் நொந்துபோகிறாள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், ஐந்தடி தள்ளி நின்று நீங்களே ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். பைசா செலவில்லை. பல பேருக்கு அதிலேயே பாதி கவலை தீர்ந்துவிடும்.

தீராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேக்கேஜ் விளம்பரங்களில் எங்குமே பெரிய எழுத்தில் வராத விஷயம் இது. மூக்கு ஆபரேஷன் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் சமாச்சாரம் இல்லை. ஒரு வருடம் ஓடும்.

முதல் வாரம் மூக்கின் மேல் கட்டு. வாயால்தான் மூச்சு. தலையணையை உயர்த்தி வைத்து, மல்லாந்தே தூங்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம். சில வாரங்களுக்கு மூக்குத்தண்டில் கண்ணாடியின் கனம் இறங்கக் கூடாது என்பார்கள். மூக்குத்தியைக் கழற்ற வேண்டும், மறுபடி எப்போது போடலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கண்ணைச் சுற்றிய கறுப்பு இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். ஆனால் மூக்கு நுனியில் உள்ளே இருக்கும் வீக்கம் முழுக்க அடங்க ஒரு வருடம்கூட ஆகும். நம்மில் பலருக்கு இருப்பதுபோல் மூக்குத் தோல் தடிமனாக இருந்தால் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். இஸ்தான்புல்லில் பத்தாம் நாள் எடுத்த ‘ஆஃப்டர்’ படம் உண்மையில் எதையும் காட்டவில்லை.

அந்த ஒரு வருடமும் நீங்கள் இருப்பது உங்கள் ஊரில். டாக்டர் இருப்பது இன்னொரு தேசத்தில். சிக்கலே அதுதான்.

மூக்கு வெறும் அலங்காரம் இல்லையே? நடுச்சுவரும் பக்கக் குருத்தெலும்புகளும் சேர்ந்துதான் மூச்சுப் பாதையைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. ஒல்லியான மூக்கு வேண்டும் என்று அதிகமாக இழைத்துவிட்டால், மூச்சை இழுக்கும்போது பக்கச் சுவர் உள்ளே சுருங்கி அடைத்துக்கொள்ளும். நல்ல டாக்டரிடம் செய்தாலும் 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படலாம் என்று மருத்துவ உலகமே ஒப்புக்கொள்கிறது. அதற்கும் குறைந்தது ஒரு வருடமாவது காத்திருக்கச் சொல்வார்கள். தழும்புத் திசு இருப்பதால் இரண்டாவது தடவை வேலை கடினம். காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுக்க வேண்டிவரலாம். மலிவாக முடிந்த முதல் ஆபரேஷனைவிட இது செலவு கூட. இன்ஷூரன்ஸ்? அழகுக்காகச் செய்துகொண்ட ஆபரேஷனின் பின்விளைவை எடுத்துக்கொள்ளும் பாலிசி அபூர்வம். உங்கள் பாலிசியின் விலக்குப் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஆபரேஷன் முடிந்த கையோடு விமானம் ஏறுவதும் ஆபத்து. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துகொள்ளும் அபாயம் ஆபரேஷனாலும் கூடும், நீண்ட விமானப் பயணத்தாலும் கூடும். முகத்தில் செய்யும் அழகு ஆபரேஷன்களுக்குப் பிறகு 7 முதல் 10 நாள் வரை பறக்க வேண்டாம் என்பது பிரிட்டன் மருத்துவத் துறையின் அறிவுரை. ஐந்து நாள் பேக்கேஜை விற்கிறவர் இதைச் சொல்வாரா? 2019 ஜனவரிக்குப் பிறகு, சிகிச்சைக்காகத் துருக்கி போன பிரிட்டன் குடிமக்களில் 25 பேருக்கு மேல் இறந்திருப்பதாக அந்த நாட்டு அரசே தன் பயண அறிவுரையில் எழுதியது. எல்லாம் மூக்கு ஆபரேஷன் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். எடைக் குறைப்பு போன்ற பெரிய ஆபரேஷன்களையும் சேர்த்த கணக்கு அது. போகிறவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் சிறியதும்கூட. ஆனாலும் ஓர் அரசாங்கம் தன் மக்களுக்கு எழுதி வைக்கும் அளவுக்கு விஷயம் போயிருக்கிறது.

சியோலில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 2016-இல் ஒரு கல்லூரி மாணவர் கங்னம் கிளினிக் ஒன்றில் தாடையைச் சீர்படுத்தும் ஆபரேஷனுக்குப் போனார். மூக்கு இல்லை, தாடை. ஆனால் பாடம் ஒன்றுதான். விளம்பரத்தில் இருந்த பெரிய டாக்டர் பாதியில் அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஒரே நேரத்தில் பல அறைகளில் பல நோயாளிகள். ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருக்க, ஒரு கட்டத்தில் உதவியாளர் மட்டும் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஏழு வாரம் கழித்து அந்தப் பையன் இறந்துபோனார்.

அவருடைய அம்மா கிளினிக்கின் சிசிடிவி பதிவைக் கேட்டு வாங்கினார். நூற்றுக்கணக்கான முறை போட்டுப் பார்த்தார். எந்த நிமிடம் யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று குறித்துக்கொண்டார். பெற்ற பிள்ளை ரத்தம் இழக்கும் காட்சியை ஒரு தாய் அத்தனை தடவை பார்ப்பதென்றால் எப்படி இருந்திருக்கும்? பிறகு பதாகையைப் பிடித்துக்கொண்டு நாடாளுமன்றத்தின் முன்னால் தனியாளாகப் போய் நின்றார். 2021-இல் தென்கொரிய நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்திச் செய்யும் ஆபரேஷன் அறைகளில் கேமரா கட்டாயம். 2023 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது. ஆனால் நோயாளியோ குடும்பமோ கேட்டால்தான் பதிவு செய்வார்கள். மொழி தெரியாத ஊரில், கூட யாரும் இல்லாமல் போய்ப் படுக்கும் பெண்ணுக்கு அதைக் கேட்கத் தோன்றுமா?

ஒரு வேடிக்கை. மூக்கு ஆபரேஷனுக்காக உலகம் ஒரு காலத்தில் நம்மைத்தான் திரும்பிப் பார்த்தது. 1792 மைசூர்ப் போரில், ஆங்கிலப் படையின் மாட்டு வண்டிக்காரர் கவாஸ்ஜி திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனேக்கு அருகில் செங்கல் சூளைத் தொழில் செய்யும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். மெழுகைத் தட்டி மூக்கு வடிவில் அச்சுச் செய்து, அதை நெற்றியில் விரித்து வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலை வெட்டி, புருவ நடுவில் ஒட்டிக்கொண்டிருக்க விட்டு அப்படியே கீழே திருப்பி ஒட்டினார். 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதைப் படத்தோடு வெளியிட்டது. ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் டாக்டர் அந்த முறையைப் படித்து, பிணங்களின் மேல் பயின்று, 1814-இல்தான் உயிருள்ள ஒருவருக்குச் செய்தார். நெற்றித் தோலில் மூக்கு வைக்கும் முறையை இன்றும் புற்றுநோயில் மூக்கை இழந்தவர்களுக்குச் செய்கிறார்கள்.

இப்போதும் சிகிச்சைக்காக எத்தனையோ நாட்டுக்காரர்கள் சென்னைக்கு வருகிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு வரும்போது பல் வேலையை இங்கே முடித்துக்கொண்டு போவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மூக்கை மட்டும் ஏன் இங்கே செய்துகொள்வதில்லை?

தெரிந்துவிடுமே! அதுதான். அத்தைக்குத் தெரியும், சித்திக்குத் தெரியும், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியும்.

அந்த மூக்கைப் பற்றிய ஏக்கத்தை முதலில் அவள் மனசில் போட்டது யார்? நாம்தானே. ‘கலர் இருக்கு, மூக்குதான் சப்பை’, ‘அப்பா மூக்கு அப்படியே வந்துடுச்சு, பாவம்.’ பிறந்த குழந்தையைத் தொட்டிலில் பார்க்கும்போதே மூக்கை நீவி விடச் சொல்லும் பாட்டிமார்கள் நாம். கிண்டல் செய்வதும் நாம், அதற்கு வைத்தியம் தேடினால் ‘இவ்வளவு திமிரா’ என்று கேட்பதும் நாம். பிறகு அந்தப் பெண் வீட்டில் சொல்லாமல் போகாமல் என்ன செய்வாள்?

ரகசியமாகப் போவதால்தான் ஆபத்து கூடுகிறது. கூட இருந்து கேள்வி கேட்க ஆள் இல்லை. காய்ச்சல் வந்தால், ரத்தம் வந்தால் யாரிடம் சொல்வது என்ற தயக்கம். ஒவ்வாமை இருக்கும் மருந்தின் பெயர் அம்மாவுக்குத்தான் ஞாபகம் இருக்கும். அந்த அம்மாவுக்கோ மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றே தெரியாது.

பிள்ளைகளே, போவதென்று முடிவு செய்துவிட்டால், முன்பணம் கட்டுவதற்கு முன் டாக்டரிடம் நேரில் அல்லது வீடியோவில் நீங்களே பேசுங்கள். ஒருங்கிணைப்பாளர் பேசுவது கணக்கில் சேராது. கத்தி பிடிக்கப் போவது நீங்கள்தானா, எந்த மருத்துவக் கவுன்சிலில் பதிவு, மயக்க மருந்து கொடுப்பது யார், மறு ஆபரேஷன் வந்தால் செலவு யாருடையது என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அந்த கிளினிக் வேண்டாம். ‘உங்களுக்கு இது தேவையில்லை’ என்று சொல்லும் டாக்டர் கிடைத்தால் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது என்ன எடுத்தார்கள், என்ன வைத்தார்கள் என்ற ஆபரேஷன் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். நாளைக்கு இங்கே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் நின்றால், அவர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். திருச்சி அம்மாவின் மகளிடம் அது இல்லை.

அம்மா, அத்தை, சித்திமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாண வீட்டில் யாருடைய மூக்கைப் பற்றியும் பேச வேண்டாம். வீட்டுப் பெண்ணோ பையனோ இப்படி ஓர் ஆசையைத் தயங்கித் தயங்கிச் சொன்னால், திட்டுவதைத் தள்ளி வைத்துவிட்டு, ‘எந்த டாக்டர், நானும் வரட்டுமா’ என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்