குரங்கோடு முடிந்த கதையா?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்தது. நாடளாவிய மின்தடையில் காத்தான்குடியிலும் கல்குடாவிலும் மின்விசிறி நின்றது. குரங்கின் மேல் பழி போட்ட அமைச்சரின் பேச்சு உலகப் பத்திரிகைகளுக்குத் தீனியானது. நுரைச்சோலை அனல் மின் நிலையம் நின்றுபோனதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. ஒரு குரங்கு கவிழ்த்துவிடும் அளவுக்கு நாட்டின் மின் வலையமைப்பு அந்தக் காலை ஏன் மெலிந்திருந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

ஞாயிறு என்பதால் மின்தேவை குறைவு. கூரைச் சோலாரின் பங்கு அதிகம். அதிர்ச்சியைத் தாங்குகிற பாரமான சுழலிகளோ போதிய அளவு ஓடவில்லை. அதே அச்சத்தில்தான் இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன்பட்டுச் சோலார் போட்டவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

பாணந்துறையில் கண்டது மீடிறன் சரிவு. அதைவிடக் கள்ளமான நோய் ஒன்றுண்டு: அலைவு. தூரதூர நிலையங்களின் சுழலிகள் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளி, விநாடிக்கு ஒரு முறைக்கும் குறைவான வேகத்தில் ஊசலாடும். தணிந்தால் தப்பினோம். 1996 ஓகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்கில் அது தணியாமல் வளர்ந்து வலையமைப்பைத் துண்டாடியது. சுமார் 75 இலட்சம் பாவனையாளர்கள் மின்சாரம் இழந்தனர். எல்லாம் உறுதியாக இருப்பதாகவே கணினி மாதிரிகள் காட்டியிருந்தன. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினின் மின் வலையமைப்பு விழுவதற்கு முந்திய அரைமணி நேரத்திலும் இரண்டு அலைவுகள் எழுந்தன. அங்கே வீழ்த்தியது எல்லை மீறிய மின்னழுத்தம். ஆனால் அலைவை அடக்க எடுத்த நடவடிக்கைகளும் அந்த அழுத்தத்தை ஏற்றிவிட்டன.

சில விநாடிக்கு ஒரு முறை கட்டுப்பாட்டு அறைக்கு வரும் வழமையான அளவீட்டில் இந்த ஆட்டம் அகப்படாது. 1988இல் வேர்ஜீனியா டெக்கில் அருண் பட்கேயும் ஜேம்ஸ் தோர்ப்பும் உருவாக்கிய கருவியின் வழிவந்தவை விநாடிக்குப் பல பத்து முறை அளந்து, ஒவ்வோர் அளவிலும் ஜிபிஎஸ் நேரத்தைப் பொறிக்கின்றன. மீதி வேலை, கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீரில் அமிழ்த்தி அதில் காது வைத்துப் பாடும் மீனைக் கேட்பது போன்றது: இரைச்சலுக்குள் ஒரு சுரத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். எந்தச் சுரம் என்று பூரியர் கணிதம் சொல்லும். அது அடங்குகிறதா, வளர்கிறதா என்பதைப் புரோனி முறை சொல்லும். காஸ்பார்ட் தெ புரோனி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் அதைக் கண்டது 1795இல். அப்போது மின்குமிழே கிடையாது. அதிர்ச்சி ஏதும் இல்லாத சாதாரண நேரத்தில், சுமை ஏறி இறங்கும் சலசலப்பிலிருந்தே தணிப்பை மதிப்பிடும் முறைகளும் பின்னர் வந்தன. விழுந்த பின் காரணம் தேடாமல், விழுமுன்னரே அறிவது இவற்றால் முடியும்.

கிழக்குக்கு இது அந்நிய சங்கதி அல்ல. வவுணதீவில் 10 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறது. சம்பூரில் 120 மெகாவாட் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. 2030இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது நாட்டின் இலக்கு. இந்தியாவோடு மின்கம்பித் தொடர்பு இல்லாத தீவு இது. தடுமாறினால் தாங்கிப்பிடிக்க அயலவர் இல்லை.

ஆகவே சோலாரை நிறுத்தச் சொல்லும் முன், எந்த நாளில் வலையமைப்பு எவ்வளவு தாங்கும் என்று அளந்து காட்டுவது இயக்குவோரின் கடமை. கெரவலப்பிட்டியில் தொடங்கிய 2020 ஓகஸ்ட் தடை முதல் நாடளாவிய ஒவ்வொரு தடையின் பதிவும் விநாடி வாரியாக மக்கள் பார்வைக்கு வரட்டும். பல்கலைக்கழகங்களும் காத்திருக்கத் தேவையில்லை. சாதாரணச் சுவர் பிளக்கில் செருகும் பதிவுக் கருவிகளைக் கொண்டே டெனசி பல்கலைக்கழகம் அமெரிக்க வலையமைப்பின் மீடிறனைக் கண்காணிக்கிறது. வந்தாறுமூலையில் ஒன்று, ஒலுவில் பொறியியல் பீடத்தில் ஒன்று, பேராதனையிலும் மொரட்டுவையிலும் ஒவ்வொன்று என்று வைத்தால், நான்கு இடங்களின் ஊசலாட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க மாணவர்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.