ஆட்டக்காரர் என்ன, சந்தைச் சரக்கா?

"அவரைக் கொடு; இவரை வாங்கு!"

அமெரிக்காவில் கூடைப்பந்து ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சுத்தான். ஓர் ஆட்டக்காரரை வேறு அணி கேட்கிறது என்று வதந்தி கிளம்பினால் போதும். வீட்டுக்கு வீடு வாக்குவாதம் மூண்டுவிடும்.

அவர் "பாயின்ட் கார்டு" ஆக இருந்தால் கேட்கவே வேண்டாம். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே செல்பவர் அவர். பந்து யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்பவரும் அவரே. தேருக்குச் சாரதி எப்படியோ, அணிக்கு அவர் அப்படி.

2017-ம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள்.

பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் ஐசயா தாமஸ் என்ற பாயின்ட் கார்டு இருந்தார். உயரம் 5 அடி 9 அங்குலந்தான். நெட்டை மனிதர்களின் ஆட்டத்தில் அவர் குள்ளர். 2011-ல் அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்தபோது, 60 பேரில் 60-வது ஆளாக எடுக்கப்பட்டவர். அவர்தான் 2016-17 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளிகள் குவித்தார்!

தங்கை மறைந்தாள்

2017 ஏப்ரல் 15-ந் தேதி அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்தாள். மறுநாளே அவர் களத்தில் இறங்கினார். 33 புள்ளிகள் எடுத்தார். மே 2-ந் தேதி தங்கையின் பிறந்த நாள். அன்று 53 புள்ளிகள்! பாஸ்டன் ரசிகர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள்.

ஜூலையில் ஒரு செய்தி வந்தது. கிளீவ்லாந்து அணியின் கைரி இர்விங் அங்கிருந்து விலக விரும்புகிறார் என்பதே அது. இர்விங்கும் பாயின்ட் கார்டுதான். தாமஸைவிட மூன்று வயது இளையவர்.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "இளைஞரை வாங்கினால் கோப்பை கிடைக்கும்" என்றது ஒரு கட்சி. "நமக்காக உழைத்தவரை அனுப்புவதா?" என்றது மறு கட்சி.

மாட்டுச் சந்தை

ஆகஸ்டு 22-ந் தேதி பேரம் முடிந்தது. இர்விங் பாஸ்டனுக்கு, தாமஸும் இன்னும் இருவரும் கிளீவ்லாந்துக்கு. புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒன்றும் கூடவே கொடுக்கப்பட்டது.

தாமஸுக்கு இடுப்பு மூட்டில் காயம் இருந்தது. கிளீவ்லாந்து டாக்டர்கள் சோதித்தார்கள். "இன்னும் ஏதாவது கொடு" என்று அந்த அணி கேட்டது. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல! பாஸ்டன் இன்னோர் உரிமையையும் கொடுத்தது.

கிளீவ்லாந்தில் தாமஸ் ஆடியது 15 ஆட்டங்களே. 2018 பிப்ரவரியில் அவரை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறாரே, என்ன குறை?" என்று கேட்கலாம். ஒப்பந்தப்படி அணி அவரை மாற்றலாம் என்பதும் உண்மை. மிகச் சிலரைத் தவிர யாரும் மறுக்க முடியாது.

ஆனால் பின்கதையையும் கேளுங்கள். "பாஸ்டனிலேயே இருப்பேன்" என்று 2018-ல் சொன்ன இர்விங், 2019-ல் புரூக்ளின் அணிக்குப் போய்விட்டார். ஒப்பந்தம் அதற்கும் இடம் கொடுத்தது. ஆனாலும் ரசிகர்கள் ஆத்திரப்பட்டார்கள்.

வாக்குத் தவறியது குறைதான். ஆனால் அணி அனுப்பினால் அது வியாபாரம். ஆட்டக்காரர் போனால் துரோகமா? மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டியா?

ரசிகர்கள் தாராளமாக வாதாடட்டும். அதுவும் ஆட்டத்தின் இன்பமே. ஆனால் பேரத்தில் இருப்பவர் ஒரு மனிதர். விசுவாசத்தை ஆட்டக்காரரிடம் எதிர்பார்ப்பவர்கள், அணியிடமும் அதைக் கேட்க வேண்டும். இருவருக்கும் ஒரே தராசு. அதுதான் நியாயம்!