உழைப்புக்குக் கூலி இல்லையாம்!

நியூயார்க் நகரிலே உள்ள ஐக்கிய நாடுகள் தலைமையகம், உலகத்து மாணவர்களை உள்ளகப் பயிற்சிக்கு அழைக்கிறது. அழைப்பு இனிக்கிறது, அடுத்த வரி கசக்கிறது. ஊதியம் கிடையாது. விமானக் கட்டணம், விசா, வீட்டு வாடகை, சாப்பாடு அத்தனையும் மாணவர் தலையிலே!

நாம் கேட்கிறோம்: முக்கூடலில் பீடி சுற்றும் தாயின் மகள் போக முடியுமா? விக்கிரமசிங்கபுரத்து ஆலைத் தொழிலாளியின் மகன் போக முடியுமா? அறிவிலே குறைந்தவர்களா அவர்கள்?

பொதிகையிலே பிறந்த பொருநைக்கு எட்டு அணைக்கட்டுகள். கடைமடைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்பதை ஸ்ரீவைகுண்டத்து உழவன் மகனுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை ஆராயக் கொழும்பிலே பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. சோற்றை ஆராய வாஷிங்டனிலே பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம், 1975 முதல் இருக்கிறது. அத்தகைய மன்றங்களிலே அவன் அமர வேண்டாமா? அங்கே ஏறும் ஏணிக்கு முதல் படி இத்தகைய பயிற்சிதான். அந்தப் படியிலேயே பணப்பையைக் கேட்டால், வயலைக் காணாதவர்களே வயலுக்குக் கொள்கை வகுப்பார்கள்!

1953-இல் ஆச்சாரியார் குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். நாடு கொதித்தது, 1954-இல் காமராசர் ஆட்சியில் திட்டம் ஒழிந்தது. அன்று குலத்தைக் காட்டி மறித்தார்கள். இன்று செலவைக் காட்டி மறிக்கிறார்கள்.

கற்க வருபவனுக்குக் கூலி எதற்கு என்பார் சிலர். பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்துத் தொழிற்சாலைக்குள் நுழையும் பழகுநனும் கற்கத்தான் போகிறான். அவனுக்கு உதவித்தொகை கொடுத்தே தீரவேண்டும் என்கிறது 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம். ஸ்பேனர் பிடிப்பவனுக்கு உள்ள உரிமை, பேனா பிடிப்பவனுக்கு ஏன் இல்லை?

பணம் இல்லை என்பார் வேறு சிலர். ஜெனீவாவிலே உள்ள பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் ஐ.நா. குடும்பம்தான், அது பயிற்சி மாணவருக்கு உதவித்தொகை தருகிறது. ஒரே குடும்பத்தில் ஓர் அடுப்பிலே சோறு, மறு அடுப்பிலே பூனையா? உழைப்பவர் எவருக்கும் நியாயமான ஊதியம் உரிமை என்று 1948-இல், மனித உரிமைப் பிரகடனத்தின் 23-ஆவது பிரிவிலே எழுதி உலகுக்கு அளித்ததும் இதே ஐ.நா.தானே! உபதேசம் ஊருக்கு மட்டுமா?

ஐ.நா.வின் உறுப்பு நாடாகிய இந்தியா அங்கே இதைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன், ஊதியமின்றியே மாணவரை அமர்த்தும் தன் நிதி ஆயோக்கைத் திருத்த வேண்டும். மாநில அரசும் 2010-இல் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை தந்தது போல, அவர்கள் இத்தகைய பயிற்சிக்குச் செல்லும் செலவையும் ஏற்க வேண்டும். தோழர்களே! தொழிற்சங்கக் கூட்டங்களிலே இதைத் தீர்மானமாக்குங்கள். நம் எம்.பி.க்களிடம் கொடுங்கள், நாடாளுமன்றத்திலே ஒலிக்கட்டும்.

உழைத்தால் கூலி! பாபநாசத்து ஆலையிலும் அதுதான் நீதி, ஐ.நா. மாளிகையிலும் அதுதான் நீதி!