பதினோரு நிமிடத்தை வெட்டாதீர்கள்

வேல்ஸில் பிறந்த டிஜே சாஷா 1999-இல் வெளியிட்ட 'எக்ஸ்பாண்டர்' 11 நிமிடத்துக்கும் மேல் நீளும் இசை. பாட்டு வரி கிடையாது. ஆனாலும் புரோகிரசிவ் டிரான்ஸ் என்னும் மின்னணு நடன இசையின் ரசிகர்கள் இன்றும் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்.

பழைய நினைவு மட்டும் இதற்குக் காரணமல்ல. 'ஸ்பூக்கி' என்ற இசை இரட்டையரில் ஒருவரான சார்லி மேயுடன் சேர்ந்து சாஷா இதைக் கட்டிய விதம் அப்படி. தாளத்தின் மேல் சிந்தசைசர் மெட்டு அவசரமில்லாமல், அடுக்கடுக்காக ஏறுகிறது. நடுவில் டிரம்ஸ் விலகி, மெட்டு மட்டும் மிதக்கிறது. நம் கச்சேரிகளில் ஆலாபனைக்குப் பொறுமையாகக் காத்திருப்பவர்களுக்கு இந்தச் சுகத்தை விளக்கவே வேண்டாம். தாளம் திரும்பி வரும்போது உடம்பு தானாக ஆடும்.

அதே ஆண்டு பிளேஸ்டேஷனில் வந்த 'வைப்அவுட் 3' பந்தய விளையாட்டிலும் இது ஒலித்தது. கிளப்புக்குள் நுழைய வயது வராத சிறுவர்களுக்கும் (அவர்களுக்கு இப்போது நாற்பது வயது இருக்கும்!) இந்த இசை அப்படித்தான் வீடு தேடிப் போனது.

இதைச் சுருக்கி மூன்று நிமிடத் துணுக்காகக் கேட்பது வீண். ஏற்றம் இல்லாமல் உச்சம் ஏது? ஒரு நல்ல ஹெட்போனை மாட்டி, முழுதாகக் கேளுங்கள், நடுவில் தள்ளிவிடாதீர்கள்.