காசைச் சுண்டிக் கற்பிக்கட்டும்!

விதைநெல் எடுப்பது எப்படி என்று விவசாயத் தொழிலாளிக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. திரண்ட கதிரை ஒதுக்கி வைப்பார், பதரைத் தள்ளுவார். ஏறக்குறைய இதே சங்கதிதான் கல்லூரிகளில் ‘மரபணுக் கணக்குமுறை’ என்ற பெரிய பெயரோடு உலவுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹாலண்ட் 1975ல் வெளியிட்ட நூல் இதற்கு அஸ்திவாரம். ஒரு பிரச்னைக்குப் பல விடைகளைக் குருட்டாம்போக்கில் உண்டாக்கி, தேறியவற்றை ஒன்றோடொன்று கலந்து, தலைமுறை தலைமுறையாக மேம்படுத்துவதே அந்த முறை.

இதைக் கரும்பலகையில் சூத்திரமாக எழுதிப் போட்டு மாணவனை உருப்போடச் சொல்வது வீண் வேலை என்பது நமது அபிப்பிராயம். ஹாலண்டின் மாணவர் டேவிட் கோல்ட்பர்க் 1989ல் வெளியிட்ட பாடநூலில் யந்திரமே இல்லாமல் இதைச் செய்து காட்டினார். கருவி ஒரு நாணயம்! தலை விழுந்தால் 1, பூ விழுந்தால் 0. இருபது தடவை சுண்டி, ஐந்தைந்தாக நாலு வரிசை. இடங்களுக்கு 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. கிடைத்த எண்கள் 13, 24, 8, 19. எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவதே மார்க்: 169, 576, 64, 361. மார்க்குக்குத் தக்கபடி இடம் பிரித்த சக்கரத்தைச் சுழற்றியதில் 8 கழிந்தது. 24க்கு இரண்டு பிரதி. பிறகு ஜோடி சேர்த்து வால்களை மாற்ற வேண்டும். 24 என்பது 11000. 19 என்பது 10011. முதல் இரண்டு இடங்களை விட்டு மிச்சத்தை மாற்றினால் 11011, அதாவது 27. மார்க் 729! (கூடவே 16 என்ற நோஞ்சான் பிள்ளையும் பிறந்தது.) நாலின் சராசரி சுமார் 293லிருந்து 439க்கு ஏறியது. கையால் செய்து பார்த்தவன் இதை மறக்க மாட்டான்.

ஆனால் பாடம் இங்கே நின்றுவிடக் கூடாது. அதே நாலு எண்களை வைத்து, ‘சிறியதே சிறந்தது’ என்று விதியை மாற்றிப் பாருங்கள். கழிந்துபோன 8 ராஜாவாகிவிடும்! எது தேறியது என்பதை விதி எழுதிய மனிதன்தான் முடிவு செய்கிறான். ஆலைகளின் வேலைப் பட்டியலுக்கும், ஆஸ்பத்திரி நர்சுகளின் ஷிப்டுக்கும் இக்கணக்கைப் பயன்படுத்தும் காலம் இது. செலவுக் குறைப்புக்கு மட்டுமே மார்க் என்றால், இரவு ஷிப்டு முடித்தவரை மறுநாள் காலையிலேயே கூப்பிடும் பட்டியல்கூட முதல் பரிசு வாங்கும். ‘கம்ப்யூட்டர் போட்டது, நான் என்ன செய்ய?’ என்று மேஸ்திரி கையை விரிப்பார்.

நேராகக் கம்ப்யூட்டரிலேயே செய்யலாமே என்பார்கள் சிலர். செய்யட்டும், இரண்டாவது வாரத்தில். முதல் வாரம் காசும் காகிதமும் போதும். அப்புறம் ஒரு மில்லின் ஷிப்டுப் பட்டியலையே பாடமாக வைத்து, ஓய்வுக்கு எத்தனை மார்க் என்று மாணவர்கள் எழுதிப் பார்க்கட்டும். அந்த வகுப்பில் ஒரு ஸ்பின்னிங் தொழிலாளியையும் அழைத்து உட்கார வைக்கலாம்.