மடிக்கணினி கல்லூரியோடு நிற்கக் கூடாது, ரீசார்ஜ் பெற்றோர் தலையில் விழக் கூடாது: நமது கூட்டமைப்பின் நிலைப்பாடு

20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப் தரப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அதை வரவேற்றோம், இப்போதும் வரவேற்கிறோம். ஆனால் எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். பிளஸ் டூ மாணவர்களைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு வரி கூட இல்லை. கிளைகளிலிருந்து வரும் கேள்விகளுக்கு இனியும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் இந்த அறிக்கை. பெற்றோர், ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் என்று மூன்று தரப்பும் உள்ள அமைப்பு இது. எல்லாவற்றிலும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போன அளவே இங்கே வந்திருக்கிறது.

பழைய கதை உறுப்பினர்களுக்குத் தெரியும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கைக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. பின்னர் திட்டம் தேங்கியது. படிப்பை முடித்துவிட்டுப் போனவர்கள் தங்களுக்கு வரவேண்டியதைக் கேட்டுப் பள்ளி வாசலிலும் ஆட்சியர் அலுவலக வாசலிலும் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளுக்கு அது வராமலே போயிற்று. எந்த ஆட்சியில் எவ்வளவு நின்றது என்ற கணக்குக்குள் கூட்டமைப்பு இறங்க விரும்பவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. “கொடுத்ததை விற்றுத் தின்றார்கள், சினிமா பார்த்தார்கள்” என்று இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை மடிக்கணினியில் சினிமா பார்த்தால் பொழுதுபோக்கு, அரசுப் பள்ளிப் பிள்ளை பார்த்தால் மட்டும் மக்கள் பணம் வீணா?

கருவியைப் பற்றி இவ்வளவு போதும். எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் பேசப்பட்டது ரீசார்ஜ் பற்றித்தான்.

கொரோனாவோடு வந்த ஒரு பழக்கம் கொரோனாவோடு போகவில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. நாளை தேர்வு என்பதும், தேர்வு தள்ளிப்போனது என்பதும் அதிலேயே. உதவித்தொகை விண்ணப்பம், ஹால் டிக்கெட், பொறியியல் கலந்தாய்வு எல்லாம் இணையத்தில். பள்ளி கேட்கும் ஓடிபி அம்மாவின் எண்ணுக்குத்தான் போகிறது, அம்மா அந்த நேரம் தீப்பெட்டிக் கம்பெனியிலோ பின்னலாடைக் கம்பெனியிலோ இருக்கிறார். வீட்டில் இருப்பது ஒரே போன். அதில் பேலன்ஸ் தீர்ந்த அன்று அந்தப் பிள்ளைக்குப் பள்ளியோடு தொடர்பு அறுந்துபோகிறது. மறுநாள் வகுப்பில் “குரூப்பில் போட்டேனே, பார்க்கவில்லையா” என்ற கேள்விக்கு எழுந்து நிற்பதும் அதே பிள்ளை.

இதற்கான செலவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பெரிய தனியார் நிறுவனங்கள் 2024 ஜூலையில் கட்டணத்தை உயர்த்தின. முன்னணி நிறுவனம் ஒன்றில் நாளுக்கு 1.5 ஜிபி தரும் 239 ரூபாய்த் திட்டம் 299 ரூபாய் ஆனது. நாளுக்கு 1 ஜிபி தந்த 249 ரூபாய்த் திட்டத்தை 2025 ஆகஸ்டில் இரண்டு நிறுவனங்கள் தங்கள் செயலிகளிலிருந்து எடுத்துவிட்டன. அந்த 299 ரூபாய்க்குக் கிடைப்பதும் ஒரு மாதம் இல்லை, 28 நாள். சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, ரீசார்ஜ் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை வருகிறது. மொத்தம் 3,887 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். முழுக் கூலியும் கைக்கு வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ பன்னிரண்டு நாள் வெயிலில் நின்ற காசு பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பதற்குப் போகிறது. இரண்டு போன் உள்ள வீட்டில் இது இரட்டிப்பு. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் வந்ததும் முதல் வேலையாக ரீசார்ஜ் செய்கிற தாய்மார்கள் எங்கள் உறுப்பினர்களிலேயே பலர்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 3 சொல்வது தெளிவு: தொடக்கக் கல்வியைத் தொடரவும் முடிக்கவும் தடையாகக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் பிள்ளை மீது சுமத்தக் கூடாது. அங்கே கட்டணம் மட்டுமல்ல, செலவும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. எனவே வீட்டு போனைப் பள்ளியின் கரும்பலகையாக்கிவிட்டு, அதற்கு வாடகையையும் வீட்டுக்காரரிடமே வாங்குவது சட்டத்தின் நோக்கத்துக்கு ஒவ்வாதது என்று கருதுகிறோம். எங்களில் சிலர் இதைக் கொள்ளை என்றே சொன்னார்கள்.

அந்தக் கொள்ளையில் ஒன்றிய அரசுக்கும் பங்கு உண்டு. கைபேசி மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது 2020 ஏப்ரல் 1 அன்று. பள்ளிகள் பூட்டி, பாடம் போனுக்குள் போய்க்கொண்டிருந்த நேரம் அது. 2025 செப்டம்பரில் நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பர் ஆகியவற்றுக்கு வரி முழுவதுமாக நீக்கப்பட்டது, நல்லது. ஆனால் அந்த நோட்டில் என்ன எழுத வேண்டும் என்று சொல்கிற ரீசார்ஜுக்கு இன்னும் 18 சதவீதம், அதாவது 299 ரூபாயில் 45 ரூபாய்க்கு மேல். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் பிடித்துச் சேர்க்கும் டிஜிட்டல் பாரத் நிதி, எட்டாத மக்களுக்கு இணைப்பை எட்டவைக்கத்தான் இருக்கிறது. பள்ளிக் கல்விக்காக மாநிலத்துக்கு வரவேண்டிய சமக்ர சிக்‌ஷா நிதியையே நிறுத்தி வைத்தவர்களிடம் அந்த நிதியில் பள்ளிப் பிள்ளைகளின் இணைப்புக்குப் பங்கு கேட்பது வீண் என்று சிலர் சொன்னார்கள். இருந்தாலும் கேட்கிறோம்.

பிள்ளைகள் கையில் போன் கொடுப்பதே சரியா என்ற கேள்வியில் எங்களுக்குள் இரண்டு கருத்து உண்டு. ஆகவே எட்டாம் வகுப்பு வரை தனிக் கருவி கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு முதல் வேண்டும் என்பதில் பெரும்பான்மை ஒத்துப்போகிறது. மடிக்கணினியா, டேப்பா என்பதை அரசின் பரிசீலனைக்கு விடுகிறோம். ஒரே போன் உள்ள வீட்டில் அது முதலில் அண்ணன் கைக்குப் போகிறது, தங்கைக்கு மிஞ்சுவது இரவு பத்து மணி. இதை மனத்தில் வைத்தே கருவி மாணவரின் பெயரில் இருக்க வேண்டும் என்கிறோம்.

“பள்ளியிலேயே உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறதே” என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். இருக்கிறது. நாலரை மணிக்குப் பூட்டப்படுகிறது. மாலையில் திறந்து வைக்கலாம். ஆனால் அந்தப் பொறுப்பை ஏற்கெனவே கல்வித் துறையின் எமிஸ் இணையதளப் பதிவுகளோடு மல்லுக்கட்டும் ஆசிரியர் தலையில் கட்டினால், ஆசிரியர் உறுப்பினர்கள் அதை ஏற்கமாட்டார்கள். தனி ஆள், தனி ஊதியம் இருந்தால் ஆதரிப்போம்.

மலைக் கிராமங்களில் கருவியும் காசும் இருந்தாலும் சிக்னல் இல்லை. 2021இல் நாமக்கல் மாவட்டத்தில் பிள்ளைகள் ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கேட்ட படம் நாடெங்கும் போனது, எல்லோரும் பரிதாபப்பட்டார்கள்.

சிக்னல் எட்டாத இடத்துக்குக் கம்பியாவது வர வேண்டும். பாரத்நெட் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை என்பது அரசின் இலக்கு. ஊராட்சி அலுவலகம் வரை வரும் கம்பி அங்கிருந்து தெருவுக்குள் போக வேண்டும். கேரளம் 2023இல் கே-போன் தொடங்கி, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்தது. அவர்கள் எட்டியது சொற்பம்தான். அதைக் காட்டி இங்கே தட்டிக்கழிக்க நினைத்தால், இலவச இணைப்புக்கு இலக்கு வைக்கக்கூட மனமில்லாதவர்கள் அடுத்தவர் தாமதத்தைப் பேசக் கூடாது என்பதே எங்கள் பதில்.

ஆகவே கூட்டமைப்பு கேட்பது இவை. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை படிப்போருக்குக் கருவி தரப்பட வேண்டும். நிதி போதாது என்றால் பிளஸ் ஒன்னிலிருந்தாவது தொடங்கட்டும். கருவியோடு மூன்றாண்டுக்குப் பழுது பார்க்கும் பொறுப்பும் வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவிகள் கல்லூரிக்குப் போன பிறகுதான் வருகின்றன. பள்ளியில் படிக்கும்போதே, குடும்ப அட்டை அடிப்படையில், பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டுக்கு ரீசார்ஜ் மானியம் மாதாமாதம் கணக்கில் வர வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை வந்தால் இன்னும் பொருத்தம். கருவி இல்லாமல் மானியமோ, மானியம் இல்லாமல் கருவியோ தருவதை முழுத் தீர்வாக ஏற்க இயலாது.

இவை நடக்கும் வரை, எங்கள் ஆசிரியர் உறுப்பினர்கள் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் போடமாட்டார்கள். வகுப்பிலேயே பலகையில் எழுதி, நோட்டில் குறிக்கச் செய்வார்கள். குழுவில் பார்க்காததற்காக எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிற்கவைக்கமாட்டார்கள். ஆசிரியர் தரப்பில் இதற்குத் தயக்கம் இருந்தது, பேசி ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கிப் பதிவேட்டில் ஏற்றி, அதன் படியைக் கிளைச் செயலாளரிடம் உறுப்பினர்கள் ஒப்படைக்க வேண்டும். தீர்மானத்தைப் பதிவு செய்யத் தலைமையாசிரியர் மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.